குதிரைகளில் பேறுகாலச் சிக்கல்கள்

குதிரைகளில் பேறுகாலச் சிக்கல்கள் என்பவை பெண் குதிரை குட்டி ஈனும் பொழுதும், அதனை அடுத்த சில மணி நேரத்திலும் தாய்க்கோ குட்டிக்கோ உயிராபத்தை விளைவிக்கும் நிலைகள் ஆகும். பெரும்பாலான குதிரைகள் இரவில், எவ்வித உதவியுமின்றி ஈனுகின்றன. எனினும் சிக்கல் நேரின், மாடுகளோடு ஒப்பிடுகையில் மிகக் குறைந்த நேரமே கிடைக்கிறது.

இயல்பான ஈற்று

குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாட்கள். நீர்க்குடம் உடைந்த 20 முதல் 30 நிமிடங்களில் குட்டி பிறந்துவிடும். வெண்ணிறப் பனிக்குடப் படலமும், அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னங்கால்களும், அவற்றின்மீது மூக்கும் வெளிவருதல் இயல்பானது.

சிவப்புப் பை

நஞ்சுக்கொடியின் வெளிப்படலம் கருப்பை வாயருகே கிழிந்து குட்டிக்கு வழிவிட வேண்டும். அது தடித்துக் கிழியாதபோது, கருப்பைச் சுவரிலிருந்து முன்கூட்டியே பிரிந்து குட்டிக்கு முன்னே வெளித்தள்ளப்படுகிறது. வெண்படலத்திற்குப் பதிலாக வெல்வெட்டுத் துணி போன்ற சிவந்த பை தென்படும். குட்டி இன்னும் மூச்சுவிடத் தொடங்காத நிலையில் தாயிடமிருந்து வரும் ஆக்சிசனும் நின்றுவிடுகிறது. ஆகவே மருத்துவருக்காகக் காத்திராமல் பையை உடனே வெட்டிக் குட்டியை வெளியே இழுக்க வேண்டும். அரிதாக, வெளித்தள்ளிய சிறுநீர்ப்பையும் இவ்வாறு தோன்றலாம். அதன் பரப்பு வழவழப்பாக இருக்கும், அதனை வெட்டலாகாது. பிழைத்த குட்டிகள் சில, மூளைப் பாதிப்பினால் தாயின் மடியைக் கூடக் கண்டறிய இயலாமல் அலைகின்றன.

நஞ்சுக்கொடி அழற்சி இதற்கு முக்கியக் காரணம். ஐக்கிய அமெரிக்காவில் பூஞ்சை தொற்றிய உயர் ஃபெசுக்யூ புல்லை மேய்வதாலும் இது ஏற்படுவதால், சினையின் இறுதி மாதங்களில் அம்மேய்ச்சல் தவிர்க்கப்படுகிறது. 2001ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் கூடாரக் கம்பளிப்புழுக்களால் ஏற்பட்ட பெரும் கருச்சிதைவு நிகழ்விலும் சிவப்புப் பைப் பேறுகள் மிகுந்து காணப்பட்டன.

கடினப் பேறு

குட்டியின் கால்களும் கழுத்தும் நீளமானவை என்பதால், தலை பின்னோக்கித் திரும்புதலும் முழங்கால் மடங்குதலும் வழியை அடைத்துவிடும். மருத்துவர் வரும்வரை குதிரையை நடக்கவிட்டால் முக்குதல் குறையும். தேவையெனில் மயக்க மருந்து கொடுத்துப் பின்னங்கால்களை உயர்த்தி நிலை திருத்துவர். இயலாதபோது அறுவை செய்வர்.

ஈன்ற பின்

பலமுறை ஈன்ற வயதான குதிரைகளில் கருப்பைத் தமனி வெடிக்கலாம். வயிற்றுவலி, வியர்வை, வெளிறிய ஈறுகள் இதன் அறிகுறிகள். அத்தகைய குதிரையை அமைதியாக வைத்திருப்பது முக்கியம்.

நஞ்சுக்கொடி 3 மணி நேரத்திற்குள் விழ வேண்டும். மாடு வளர்த்துப் பழகியோர் அரைநாள் பொறுக்கலாம் எனக் கருதுவதுண்டு; குதிரையில் அது கருப்பை அழற்சிக்கும், நச்சுக்குருதிக்கும், நிரந்தர முடத்தை உண்டாக்கவல்ல குளம்பு அழற்சிக்கும் இட்டுச்செல்லும். கையால் பிடித்து இழுத்தல் கூடாது. ஆக்சிடோசின் ஊசி வழக்கமான மருத்துவம். விழுந்த நஞ்சுக்கொடியை விரித்துப் பார்த்து, குறிப்பாகக் குட்டி தங்காத கருப்பைக் கொம்பின் நுனிப்பகுதி முழுமையாக உள்ளதா எனச் சரிபார்ப்பர்.