மயிற்பொறியும் எருமை விமானமும்

திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் மயிற்பொறி ஒன்றைக் காட்டுகிறார். பகைவர் அரண்மனையைச் சூழ்ந்தபோது, சச்சந்த மன்னன் தன் தேவி விசயையை அப்பொறியில் ஏற்றி விண்வழியே அனுப்பினான். அது சுடுகாட்டில் சென்று இறங்கிற்று. தமிழாசிரியர் யாவரும் அறிந்த கதை இது. ஆயினும், பொறி பறந்த திறத்தைக் கூறுவதோடு புலவர் நிற்கவில்லை. கைத்தொழிலில் வல்லான் ஒருவன் துணி, பயின் என்னும் பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலியன கொண்டு அதனை ஏழு நாளில் செய்து முடித்தான் என்பதையும் உடன் கூறினார். பறந்தது எது, அது எதனால் ஆயது, எவர் உழைப்பால் ஆயது என்னும் மூன்றும் அவர் பாட்டில் உள.

இக்கால வான்காட்சிகளில் இம்மூன்றும் ஒருங்கே சொல்லப்படுவதில்லை. பழைய போர் விமானம் ஒன்று மேலே எழுந்தால் மக்கள் அண்ணாந்து நோக்கி வியக்கின்றனர். அதன் வேகமும், அதனை ஓட்டிய வீரர் பெயரும், அது வீழ்த்திய பகை விமானங்களின் தொகையும் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. ஏனையவை மறைந்துபோகின்றன. மலாயா வானில் போரிட்ட விமானம் ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மலாயாவின் எருமை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க வந்த போர் விமானம் அமெரிக்க நாட்டின் புரூஸ்டர் பஃபலோ என்பதாகும். பஃபலோ என்றால் எருமை. குறுகித் தடித்த உடலமைப்புக்கு அப்பெயர் பொருந்திற்று. பிரிட்டன் 170 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. மலாயாவின் காவலுக்கு 336 விமானங்கள் வேண்டும் என்று இலண்டனில் கணக்கிடப்பட்டிருந்தும், 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியபோது போருக்கு ஆயத்தமாக இருந்தவை 158 மட்டுமே. அவற்றுள் பஃபலோக்கள் ஏறத்தாழ 60.

ஜப்பானியரின் இலகுவான ஹயபூசா விமானங்களுக்கு முன் கனத்த பஃபலோ ஈடுகொடுக்க இயலவில்லை. டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கடலில் இரு பெரும் போர்க்கப்பல்கள் தாக்கப்பட்டபோது, சிங்கப்பூரிலிருந்து விரைந்த பஃபலோக்கள் சென்று சேர்வதற்குள் அவை மூழ்கிவிட்டன. டிசம்பர் 22ஆம் நாள் கோலாலம்பூர் வானில் கடும்போர் நிகழ்ந்தது. அடுத்த மாதம் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த 44 விமானங்களைப் பெற்ற பின்லாந்து, சோவியத் படைக்கு எதிராக அவற்றைத் திறம்படப் பயன்படுத்தியது. அங்கு அதற்கு 'வானத்து முத்து' என்பது செல்லப் பெயர். பின்லாந்தின் விமானங்கள் எடை குறைந்தவை. எதிர்த்த பகையும் வேறு. ஆகவே பஃபலோ பயனற்றது என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பது வரலாறாகாது.

எஞ்சியது ஒன்றே

ஸ்பிட்பயர் விமானம் இன்றும் வான்காட்சிகளில் பறக்கிறது. பிரிட்டிஷ் விமானப் படையில் அது ஆற்றிய கடைசிப் போர்க்களப் பணியும் நம் நாட்டின்மேல்தான் நிகழ்ந்தது. 1954 ஏப்ரல் 1ஆம் நாள் சிங்கப்பூர் செலேத்தார் தளத்திலிருந்து எழுந்த ஒரு ஸ்பிட்பயர், ஜொகூர்க் காடுகளைப் படமெடுத்து மீண்டது.

பஃபலோவுக்கோ அந்தப் பேறு இல்லை. உலகில் பறக்கும் நிலையில் ஒன்றும் இல்லை. லங்காவியில் 1991 முதல் நடந்துவரும் விமானக் கண்காட்சிக்குச் செல்வோர் புதிய ஜெட் விமானங்களைக் காணலாம். இந்நாட்டுக்காகப் போரிட்ட எருமையைக் காண இயலாது. முழு உருவில் எஞ்சியது பின்லாந்துப் படையின் ஒரே விமானம். 1942 ஜூன் 25இல் சுடப்பட்டு ஏரியொன்றில் விழுந்த அது, 1998இல் வெளியே எடுக்கப்பட்டு, அமெரிக்காவின் பென்சகோலா அருங்காட்சியகம் சென்று, 2008இல் பின்லாந்துக்கு இரவலாக வந்தது. புதுக்கி மெருகிடாமல், ஏரியிலிருந்து எடுத்த கோலத்திலேயே அதனைக் காட்சிக்கு வைத்தனர்.

விமானத்துள் ரப்பர்ப் பால்

அக்காலப் போர் விமானங்களின் பெட்ரோல் தொட்டியில் குண்டு துளைத்தால் தீப்பற்றும். இதனைத் தடுக்கத் தொட்டிக்கு ரப்பர் உறையிட்டனர். துளை வழியே கசியும் பெட்ரோல் பட்டதும் பதப்படுத்தாத ரப்பர் ஊதிப் பருத்துத் துளையை அடைக்கும். மலாயாவில் 1920களில் உருவான லினாடெக்ஸ் என்னும் ரப்பர்த் தகடு இப்பணிக்குப் பயன்பட்டது. விமானச் சக்கரங்களின் டயருக்கும் இயற்கை ரப்பரே வேண்டும். தரை தொடும்போது எழும் வெப்பத்தை அது நன்கு தாங்கும். இன்றைய ஜெட் விமானங்களுக்கும் இது பொருந்தும்.

அந்த ரப்பரின் வரலாறு மலாக்காவில் தொடங்குகிறது. ரிட்லி என்னும் தாவர அறிஞரின் தூண்டுதலால், தான் சே யான் என்பவர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் கண்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழில் அங்கு முளைத்ததே. பின்பு நாடெங்கும் பரந்த தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தவருள் பெரும்பாலார் தமிழர். தென்கிழக்காசியா வீழ்ந்தபோது நேசநாடுகள் இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தன. அமெரிக்கா செயற்கை ரப்பருக்கு விரைந்து ஓடியது அதனாலேயே.

விமானத் தளங்களை அமைத்த உழைப்பிலும் இந்தியத் தொழிலாளர்க்குப் பங்குண்டு. அவர்கள் சமப்படுத்திய வடபுலத் தளங்கள் சில நாட்களில் பகைவர் கைப்பட்டு, அவர்களுக்கே பயன்பட்டன. 1943இல் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். வீழ்ந்த விமானிகளுக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. இவர்களுள் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

விமானிகளின் வீரத்தைக் குறைத்துரைப்பது இதன் நோக்கமன்று. அவர்களும் அயல்நாட்டு வானில் இளமையிலேயே உயிர் துறந்தவர்கள். எனினும், மாணவரைக் கண்காட்சிக்கோ அருங்காட்சியகத்துக்கோ அழைத்துச் செல்லும் ஆசிரியர், விமானத்தின் வேகத்தைச் சொல்லியபின் அதன் சக்கரத்தையும் சுட்டிக்காட்டுதல் வேண்டும். அது எம்மரத்துப் பால், அம்மரத்தைச் சீவியவர் யார் என்று மாணவரைக் கேட்டல் வேண்டும். தோட்டப் பள்ளியில் பயிலும் பிள்ளை அவ்வினாவுக்கு விடையைத் தன் வீட்டிலேயே பெறக்கூடும். பாட்டனும் பாட்டியும் இருக்கும்போதே அவ்விடையைக் கேட்டு எழுதி வைத்தல் நன்று.