நாட்டோடு கட்டப்பட்ட மொழி: இயங்குதளப் பொதிகளில் மலேசியத் தமிழ்

ஓர் இயங்குதளத்தை எத்தனை பொதிகளாகப் பிரிப்பது, எதை எதனோடு சேர்ப்பது என்பது பொறியாளரின் வசதியைப் பொறுத்த விஷயம் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அந்தப் பகுப்புக்குள் ஒரு மொழிக் கொள்கையும் ஒளிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் கணினி அனுபவம் அதற்குத் தெளிவான சான்று.

1980களில் தொடங்கி முத்து நெடுமாறன் கோலாலம்பூரில் வளர்த்தெடுத்த முரசு அஞ்சல், எழுத்துருவையும் விசைப்பலகையையும் ஒன்றுசேர்த்துப் பயனரே நிறுவிக்கொள்ளும் மென்பொருளாக வந்தது. இயங்குதளத்துக்குத் தமிழே தெரியாத காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோதும் திஸ்கி, தாப், தாம், யூனிகோடு எனக் குறியீடுகள் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. ஒருவர் எழுதியதைப் படிக்க, அதற்குரிய எழுத்துரு இன்னொருவரிடமும் இருந்தாக வேண்டியிருந்தது. 2005இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4, நெடுமாறனின் இணைமதி எழுத்துருவைத் தன்னுடனேயே கொண்டு வந்தது. தமிழ் நிறுவப்படும் பொருளாக இருந்த நிலை அங்கே மாறத் தொடங்கியது.

லினக்ஸ் சென்ற பாதை வேறு. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் அமைப்பு முழுவதுமே பொதிகளால் ஆனது. ஒவ்வொரு பொதியும் தன் கோப்புகளோடு ஒரு கட்டுப்பாட்டுக் குறிப்பையும் சுமந்து வருகிறது. எந்தப் பொதி இல்லாமல் தான் இயங்காது, எது உடனிருந்தால் நல்லது, எது விருப்பத்துக்குரியது என்று அக்குறிப்பு சொல்கிறது. இந்த அமைப்பில் தமிழ் ஒரே இடத்தில் இல்லை. எழுத்துரு லோகித் தமிழ் போன்ற பொதிகளில், தமிழ்99 விசையமைப்பு உள்ளீட்டுத் தரவுப் பொதியில், எழுத்துகளைக் கோக்கும் வேலை ஹார்ஃப்பஸ் நூலகத்தில், தேதியும் நாணயமும் வட்டாரப் பொதியில். இந்தப் பிரிவினையை நான் குறை சொல்லமாட்டேன். ஓர் எழுத்துருவைப் பராமரித்தவர் விலகிவிட்டாலும் மற்றவை நிலைக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்ட மென்பொருள்களுக்கு அந்த ஆயுள் வாய்ப்பதில்லை.

குறை வட்டாரப் பொதியில்தான் இருக்கிறது. லினக்ஸ் வழங்கல்களின் அடிப்படை நூலகமான குனு சி நூலகம் மொழியையும் நாட்டையும் இணைத்தே ஒரு வட்டாரத்தை வரையறுக்கிறது. அதன் பட்டியலில் தமிழ்–இந்தியா உண்டு, தமிழ்–இலங்கை உண்டு, தமிழ்–மலேசியா இல்லை. கிள்ளானில் ஒருவர் டெபியனை நிறுவ முற்பட்டு, வரைகலை நிறுவியில் தமிழைத் தேர்ந்து, நாடாக மலேசியாவைச் சுட்டினால், இந்த மொழிக்கும் நாட்டுக்கும் பொருந்தும் வட்டாரம் வரையறுக்கப்படவில்லை என்று திரை அறிவிக்கும். இருப்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் சொல்லும். இந்தியாவைத் தேர்ந்தால் அவரது கணினியில் நாணயக் குறி ரூபாயாகிவிடும். நாணயத்துக்கு மட்டும் மலாய்–மலேசிய வட்டாரத்தைப் பொருத்தி இதைச் சரிசெய்யலாம். ஆனால் எத்தனை பேர் அந்த அமைப்புக் கோப்பைத் திறப்பார்கள்? தம் மொழியைக் கேட்டதற்காகத் தம் நாட்டை விட்டுக்கொடுக்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

இதைத் தவிர்க்க முடியாத தொழில்நுட்ப எல்லை என்று சொல்லவும் இடமில்லை. யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் மலேசியத் தமிழ் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. பொதுத் தமிழுக்கு 12,34,567 என்று இலக்கம் பிரிக்கும் அதே களஞ்சியம், மலேசியத் தமிழுக்கு 1,234,567 என்று பிரிக்கிறது. ரிங்கிட்டுக்கு ஆர்எம் குறியையும் தருகிறது. அத்தரவை எடுத்தாளும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குத் தெரிந்த மலேசியத் தமிழர், லினக்ஸ் மேசைக்கணினிக்குத் தெரியாதவராக இருக்கிறார்.

மலேசியத் தமிழுக்கென்று தனி லினக்ஸ் வழங்கலை உருவாக்கலாமே என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து தரும் ஆள்பலம் வேண்டும். சிறு குழுக்களால் அது முடிவதில்லை. தேவைப்படுவதோ ஒரு சிறு கோப்பு. எழுத்து வகைப்பாடு, வரிசைமுறை ஆகியவற்றைத் தமிழ்–இந்தியாவிலிருந்தும், நாணயம், தாள் அளவு, தொலைபேசி வடிவம் ஆகியவற்றை மலாய்–மலேசியாவிலிருந்தும் அப்படியே எடுத்துக்கொள்ளும்படி எழுத அதன் இலக்கணமே இடமளிக்கிறது. மொழிபெயர்ப்புகளையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. மலேசியத் தமிழுக்கென்று தனி மொழிபெயர்ப்பு இல்லாதபோது, மென்பொருள்கள் பொதுத் தமிழ்க் கோப்பையே நாடும். மூல நூலகத்தில் இந்தச் சிறு கோப்பு ஏற்கப்பட்டுவிட்டால், டெபியனும் உபுண்டுவும் அடுத்தடுத்த வெளியீடுகளில் தாமாகவே அதைப் பெற்றுக்கொள்ளும்.

கோப்பை எழுதுவதைவிட, அதில் எந்த வழக்கு இடம்பெற வேண்டும் என்று முடிவுசெய்வதே கடினம். நேரத்தை முற்பகல், பிற்பகல் என்று குறிப்பதா, காலை, மாலை என்றா? வாரம் ஞாயிறில் தொடங்குமா, திங்களிலா? மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் தமிழ்க் கணிமை அமைப்பான உத்தமமும் சேர்ந்து, மலேசியத் தமிழ் நாளேடுகளின் வழக்கைச் சான்றாக வைத்து இவற்றை முடிவுசெய்து, கோப்பைக் குனு திட்டத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.