தட்டிப் பார்த்ததில் தொடங்கிய தொழில்

பொங்கல் நெருங்கினால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்பும் மண்பானையும் வந்து குவியும். விவரம் தெரிந்தவர்கள் பானையைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கணீரென்றால் நல்ல பானை. ஒலி செத்திருந்தால் எங்கோ விரிசல். எண்ணெய்க் குழாய், விமான இறக்கை, அடுக்குமாடியின் தூண் என எல்லாவற்றையும் இப்படிச் சிதைக்காமல் சோதிப்பதற்கு இன்று தனித் தொழிலே இருக்கிறது. அதில் இருப்பவர்கள் சுருக்கமாக என்டிடி என்பார்கள். அதன் கதையில் பீரங்கியும் பனிப்பாறையும் வருகின்றன, மேஜிக்காரர்கூட வருகிறார்.

ரயில் வந்தபோது விரலின் வேலையைச் சுத்தியல் எடுத்துக்கொண்டது. வண்டி நின்றதும் ஒருவர் நீளக் காம்புச் சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிக் காது கொடுத்துக்கொண்டே போவார். பணிமனைகளில் அச்சுகளை எண்ணெயில் நனைத்து, துடைத்து, மேலே சுண்ணத்தூள் பூசினார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறையாகத் தெரியும். 1868இல் இங்கிலாந்தில் சாக்ஸ்பி என்பவர் காந்தமேற்றிய பீரங்கிக் குழாயின் மீது திசைகாட்டியை நகர்த்தினார். முள் தடுமாறிய இடத்தில் குறை இருந்தது. 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்ஜென் தம் மனைவியின் கையைப் படமெடுத்தது ஊரறிந்த செய்தி. தம் வேட்டைத் துப்பாக்கியையும் அவர் படமெடுத்தார். உலோகத்தின் உள்குறை அதில் தெரிந்தது.

ஒலி போன பாதை இதைவிட விசித்திரமானது. 1912இல் டைட்டானிக் மூழ்கியதும், எதிரொலியால் பனிப்பாறையைக் கண்டறியும் முறைக்குக் காப்புரிமை கேட்டார் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் பிரான்சின் பால் லாஞ்சவின் அதே எண்ணத்தை நீர்மூழ்கிகளைத் தேடத் திருப்பினார். சோவியத் விஞ்ஞானி சோகலோவ் 1920களின் இறுதியில் கடலை விட்டு உலோகத்துக்குள் ஒலியைச் செலுத்தலாம் என்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன், உலோகத்துக்குள்ளிருந்து வரும் எதிரொலியைத் திரையில் காட்டும் கருவிக்கு 1942இல் காப்புரிமை பெற்றார். 1955இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுத்தெடுத்த கட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியையும் எடுத்துக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே இரும்பின் விரிசலைக் காட்டும் கருவி, கட்டிக்கும் சதைக்கும் வேறுபாடு காட்டியது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் அந்தப் பயணத்திலிருந்து வளர்ந்ததுதான்.

கலிபோர்னியாவில் ராபர்ட் ஸ்விட்சர் என்ற இளைஞர் 1933இல் வேலையிடத்தில் விழுந்து பார்வை பாதிக்கப்பட்டு இருட்டறையில் கிடந்தார். அந்நாளில் ஒளிரும் வேதிப்பொருள்களில் ஆர்வம் பிறந்தது. மேஜிக் செய்யும் தம்பி ஜோசப்புடன் சேர்ந்து ஒளிரும் சாயங்களை உருவாக்கினார். விரிசலுக்குள் புகுந்து புறஊதா விளக்கில் பளிச்சிடும் சோதனைத் திரவம் அதிலிருந்து வந்தது. பழைய எண்ணெய்-சுண்ண முறையின் புது அவதாரம் அது. கட்டுமானத் தொழிலாளர் அணியும் கண்ணைப் பறிக்கும் மேலங்கியின் நிறமும் அதே சகோதரர்களின் கொடை.

சிங்கப்பூரில் இந்த வித்தைக்கு வேலை நிறையவே இருந்தது. புக்கோம் தீவில் 1961இல் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. பிரிட்டிஷ் கடற்படைத்தளம் 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறையானது. 2000இல் ஜூரோங் தீவு திறக்கப்பட்டது. ஆனால் பாடம் சிராங்கூன் சாலையில் கிடைத்தது. 1986 மார்ச் 15 அன்று ஓவன் சாலைச் சந்திப்பில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கிடவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. பிறகு வந்த சட்டப்படி குடியிருப்புகளுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறையும் மற்றக் கட்டடங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் ஆய்வு கட்டாயம். முதலில் கண்ணால் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் முழு ஆய்வு நடக்கும்.

தமிழகத்திலும் இதற்கு நல்ல வேர் உண்டு. திருச்சியில் 1965இல் பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலையும் 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தன. கல்கத்தாவிலும் சென்னையிலும் தனித்தனியே இயங்கிய இரு என்டிடி அமைப்புகள் 1989இல் இணைந்து இந்திய என்டிடி சங்கமாயின, தலைமையகம் சென்னை. கல்பாக்கம் விஞ்ஞானிகள் ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத் தூண்களையும் சிதைக்காமல் ஆராய்ந்திருக்கிறார்கள்.

களத்தில் வேலை எப்படி இருக்கும்? ஆள் நடமாட்டம் ஓய்ந்த இரவில் கயிறு கட்டி, எச்சரிக்கை விளக்கு வைத்து, குழாயின் ஒருபுறம் பிலிமை ஒட்டுவார்கள். தள்ளி நின்று கைப்பிடியைச் சுழற்றினால் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் பெட்டியிலிருந்து கேபிள் வழியே வெளியே போகும். சட்டையில் கதிர்வீச்சு அளக்கும் பட்டை இருக்கும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் நிலையில் மேற்பார்வையின் கீழ் கருவியை இயக்கலாம். இரண்டாம் நிலையில் முடிவைத் தீர்மானித்துக் கையெழுத்திடலாம். மூன்றாம் நிலையில் முறைகளை வகுக்கலாம். ஆண்டுதோறும் கண் பரிசோதனை உண்டு. பயிற்சி நேரத்தையும் கள அனுபவத்தையும் உழைத்தே சேருங்கள். குறுக்கு வழியில் சான்றிதழ் வாங்காதீர்கள். ஒரு வெல்டிங்கைப் பார்த்து நீங்கள் 'சரி' என்று எழுதினால், அதை நம்பித்தான் இன்னொருவர் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யப்போகிறார்.