வாய்க் குருதிக்குழல் கோளாறுகளுக்கான சீரொளிச் சிகிச்சை

வாய்க் குருதிக்குழல் கோளாறுகளுக்கான சீரொளிச் சிகிச்சை என்பது உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம் ஆகியவற்றை மூடியுள்ள சளிச்சவ்வில் தோன்றும் குருதிக்குழல் கட்டிகளையும் பிறவிக் குறைபாடுகளையும், லேசர் எனப்படும் சீரொளியால் உறையச் செய்து சுருக்கும் மருத்துவ முறையாகும். கத்தியால் அறுத்தால் பெருமளவு குருதி இழப்பு ஏற்படக்கூடிய இடங்களில் இம்முறை பயன்படுகிறது. எனினும் எல்லாக் குருதிக்குழல் கோளாறுகளுக்கும் இது ஏற்றதன்று. சிகிச்சைக்கு முன் கோளாறின் வகையைச் சரியாக இனங்காண்பது இன்றியமையாதது.

கோளாறுகளின் வகைகள்

நெடுங்காலமாக இத்தகைய வீக்கங்கள் அனைத்தும் 'குருதிக்குழல் கட்டி' என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டு வந்தன. 1982 ஆம் ஆண்டில் மல்லிக்கன், குளோவாக்கி ஆகிய இருவரும் இவற்றைக் கட்டிகள் என்றும் பிறவி உருக்குறைபாடுகள் என்றும் இரண்டாகப் பிரித்தனர். இன்றைய வகைப்பாடுகளுக்கு இதுவே அடிப்படையாகும்.

* குழந்தைக் குருதிக்குழல் கட்டி: பிறந்த சில வாரங்களில் தோன்றி, முதலாண்டில் விரைவாக வளர்ந்து, பின்னர் பல ஆண்டுகளில் தானாகவே சுருங்குவது. 2008 ஆம் ஆண்டில் பிரான்சு மருத்துவர்கள் புரோப்ரனலோல் என்ற மருந்து இதனைச் சுருக்குவதைக் கண்டறிந்தனர். சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு இன்று முதலில் தரப்படுவது பெரும்பாலும் இம்மருந்தே ஆகும்.
* சிரை உருக்குறைபாடு: பிறவியிலேயே இருப்பது, குழந்தையுடன் சேர்ந்து வளர்வது, தானாக மறையாதது. நீல நிறத்தில், அழுத்தினால் அமுங்கும் தன்மையுடன் காணப்படும். தலையைக் கீழே தாழ்த்தினால் வீக்கம் பெருகும்.
* சிரைத் தேக்கம்: முதியோரின் உதட்டில், பெரும்பாலும் நெடுங்காலம் வெயில்பட்டதன் விளைவாகத் தோன்றும் கருநீலப் புள்ளி.
* தமனி-சிரை உருக்குறைபாடு: தமனியும் சிரையும் நுண்குழல்களின் இடையீடின்றி நேரடியாக இணைந்திருப்பது. தொட்டால் நாடித்துடிப்பை உணரலாம். இவற்றுள் மிகவும் ஆபத்தானது இதுவே.

செயற்படும் விதம்

ஒவ்வொரு பொருளும் குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. குருதிக்குச் சிவப்பு நிறம் தரும் ஈமோகுளோபின் உறிஞ்சும் அலைநீளத்தில் சீரொளியைச் செலுத்தினால், ஒளியாற்றல் குருதிக்குழலுக்குள் வெப்பமாக மாறும். வெப்பநிலை ஏறத்தாழ 60 பாகை செல்சியசைக் கடக்கும்போது புரதங்கள் உறைகின்றன. குழலின் சுவர் சுருங்கி மூடிக்கொள்கிறது. சுற்றியுள்ள திசு அதே ஒளியைக் குறைவாக உறிஞ்சுவதால் பாதிப்பும் குறைவாகும். இக்கோட்பாட்டை 1983 ஆம் ஆண்டில் ஆண்டர்சன், பாரிசு ஆகியோர் வகுத்துரைத்தனர்.

பயன்படும் சீரொளிகள்

* கேடிபி சீரொளி (532 நானோமீட்டர்): ஈமோகுளோபின் நன்கு உறிஞ்சும் பச்சை ஒளி. ஆழமாக ஊடுருவாததால் மேலோட்டமான குழல்களுக்கு ஏற்றது.
* இருமுனையச் சீரொளி (810 முதல் 980 நானோமீட்டர் வரை): கருவி சிறியது, விலை குறைந்தது. எனவே பல் மருத்துவத்தில் பரவலாகப் பயன்படுகிறது.
* என்டி-யாக் சீரொளி (1064 நானோமீட்டர்): ஈமோகுளோபின் உறிஞ்சுவது குறைவெனினும் திசுவினுள் பல மில்லிமீட்டர் ஆழம் செல்லும். தடித்த சிரை உருக்குறைபாடுகளுக்குப் பயன்படுகிறது.
* கார்பன்-டை-ஆக்சைடு சீரொளி (10,600 நானோமீட்டர்): இதனை உறிஞ்சுவது குருதியன்று, நீர். ஆகவே இது வெட்டுவதற்கு உகந்தது. பெரிய குழல்களை அடைக்காது. இதனை 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் பட்டேல், மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் கற்றவர்.

செய்முறை

சிறிய கோளாறுகளுக்கு, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதே போதுமானது. ஒளியிழையின் நுனியைச் சளிச்சவ்வின் மீது படாமல் சில மில்லிமீட்டர் தொலைவில் பிடித்து மருத்துவர் நகர்த்திக்கொண்டே செல்வார். நீலத்திசு வெளிறிச் சுருங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். சில வேளைகளில் கண்ணாடித் தகட்டால் அழுத்திக் குருதியை வெளியேற்றி, ஒளி ஆழமாகச் செல்ல வழி செய்வர். ஆழமான கோளாறுகளில் ஒளியிழையையே ஊசி வழியாகத் திசுவினுள் செலுத்துவதும் உண்டு. பெரிய கோளாறுகளுக்கு வாரக்கணக்கான இடைவெளிகளில் பலமுறை சிகிச்சை தேவைப்படலாம். வீக்கம், வலி, மேற்புறப் புண், தழும்பு, கோளாறு மீண்டும் வளர்தல் ஆகியவை ஏற்படக்கூடும்.

நோயாளி, மருத்துவர், உதவியாளர் அனைவரும் அந்தந்த அலைநீளத்திற்குரிய பாதுகாப்புக் கண்ணாடியை அணிதல் வேண்டும். என்டி-யாக் சீரொளி கண்ணுக்குப் புலப்படாது; ஆயினும் விழித்திரையைச் சுட்டுவிடும்.

இனங்காணலின் இன்றியமையாமை

தாடையெலும்பினுள் தமனி-சிரை உருக்குறைபாடு உள்ள ஒருவருக்கு, ஆடும் பல்லொன்றைப் பிடுங்குவதே உயிரைப் பறிக்கும் குருதிப்போக்கை ஏற்படுத்தலாம். துடிப்புள்ள வீக்கத்தை மீயொலி, காந்த ஒத்ததிர்வுப் படங்கள் வழியாக ஆராயாமல் தொடலாகாது. இத்தகையோருக்குச் சீரொளி மட்டும் போதாது. குழலடைப்பு முறையும் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் மிகுந்த தமிழ்நாட்டில் வாயிலுள்ள எந்தக் கட்டியையும் புற்றுநோய் என அஞ்சுவோர் பலர். கண்ணாடித் தகட்டால் அழுத்தும்போது வெளிறும் நீலப்புள்ளி பெரும்பாலும் தீங்கற்ற குருதிக்குழல் கோளாறே ஆகும். ஆனால் வெளிறாத கரும்புள்ளி கருநிறமிப் புற்றாகவும் இருக்கலாம். சீரொளி திசுவை அழித்துவிடுவதால் பின்னர் நுண்ணோக்கியில் ஆராய எதுவும் எஞ்சுவதில்லை. எனவே ஐயமுள்ள கட்டியைச் சுடுவதற்கு முன் திசு ஆய்வு செய்தல் வேண்டும்.

தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதியில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி கல்லூரியும், வண்டலூரை அடுத்த இரத்தினமங்கலத்தில் தாகூர் கல்லூரியும், காட்டாங்குளத்தூரில் எசு.ஆர்.எம். கல்லூரியும் அமைந்துள்ளன. அரசுத் துறையில், 1953 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரில் உள்ளது. இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை பூங்கா நிலையத்தின் அருகில் உள்ளது. இரண்டும் தாம்பரம்-கடற்கரை புறநகர் வழித்தடத்திலேயே அமைந்துள்ளமையால் தாம்பரத்து நோயாளிகள் ஒரே வண்டியில் சென்றடையலாம்.

இவற்றையும் பார்க்க

* சீரொளி
* ஈமோகுளோபின்
* வாய்ப் புற்றுநோய்