கைத்திறனுக்குச் சான்று

பத்து காஜாவை அடுத்துத் தஞ்சோங் துவாலாங் சாலையருகே நினைவுச் சின்னமாய் நிற்கும் ஈயம் வாரும் கப்பல், 1938இல் கட்டப்பெற்று, 44 ஆண்டுகள் உழைத்து, 1982இல் ஓய்ந்தது. இத்தகைய கப்பல்களில் இயந்திரம் ஓட்டியும் பழுது பார்த்தும் தேர்ந்தவரின் திறமையை உடனிருந்த மேலாளரே அறிவார். கப்பல் நின்றபின், அறிமுகமற்ற வேறொரு முதலாளியிடம் அதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்? பள்ளிச் சான்றிதழ் ஒன்றே அளவுகோலாயின், பல்லாண்டுப் பட்டறிவு வீணாகும்.

2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்பெறும் மலேசியத் திறன் சான்றிதழை, பணி அனுபவத்தை ஆதாரங்களுடன் மெய்ப்பித்தும் பெறலாம். கணினித் துறையிலும் இந்நிலையே காணப்படுகிறது. நிரல் எழுதுவோர், 2008இல் தோன்றிய கிட்ஹப் போன்ற தளங்களில் தம் நிரல்களைப் பலரும் காண வைக்கின்றனர். வேலை தருவோர் அவற்றைப் படித்தே ஆற்றலை அளவிட இயலும். எனவே, மதிப்பெண் பட்டியலோடு தாம் செய்து முடித்த பணிகளையும் பேணிவைக்க மாணாக்கரைப் பழக்குதல் ஆசிரியர் கடனாகும்.