சவ்வாது மலை: பின்பனியிலிருந்து இளவேனிலுக்கு

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைத்தும் புளி, தேன், கடுக்காய் சேகரித்தும் வாழ்கின்றனர். தமிழ் மரபு மாசி, பங்குனியைப் பின்பனிக்கும் சித்திரை, வைகாசியை இளவேனிலுக்கும் ஒதுக்கியிருக்கிறது. இந்தக் காடோ சித்திரைக்கும் காத்திருப்பதில்லை, கோடை மழைக்கும் காத்திருப்பதில்லை. மண் காய்ந்துகொண்டிருக்கும் மாசியிலேயே இளவேனில் தொடங்கிவிடுகிறது. அதற்கு நம்பத்தக்க சாட்சி மரங்களே.

குளிரை வைத்துப் பருவத்தைக் கணித்தால் இங்கே ஏமாற்றமே மிஞ்சும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்ததும் வானம் துலக்கமாகிவிடும். சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் 1968 முதல் விண்மீன்களை ஆராய்ந்துவரும் வானாய்வகத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரையான இரவுகளே மிக உகந்தவை. முகிலற்ற அதே வானம் பகலில் வெயிலைத் தடையின்றி இறக்குகிறது, இரவில் தரையின் சூட்டையெல்லாம் வெளியேற விடுகிறது. அதனால் உச்சிவெயில் சுடும் நாளிலும் விடியலில் போர்வை தேவைப்படும்.

முள்ளிலவு மரத்தைப் பார்த்தால் செய்தி தெளிவாகும். பனிக்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு, ஓர் இலைகூட இல்லாத கிளைகளில் அது பூக்கிறது. பூவுக்குத் தடித்த, சதைப்பற்றுள்ள ஐந்து செவ்விதழ்கள், நடுவே கற்றை கற்றையாக மகரந்தத் தாள்கள், அடியில் தேன். மைனாவும் காகமும் அணிலும் அதை நாடி வருகின்றன. காய்கள் கோடையில் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது, காற்றை மறிக்கத் தழைகள் அதிகம் இருப்பதில்லை. புங்க மரமும் பழைய இலைகளைக் கொட்டிய சில நாள்களில், ஒரு மழைகூட விழாத நிலையில், பளபளக்கும் தளிரைப் போர்த்திக்கொள்கிறது.

மழையின்றித் தளிருக்கு நீர் ஏது என்ற கேள்வி நியாயமானது. இலை உதிர்ந்ததும் நீராவிப்போக்கு ஏறத்தாழ நின்றுவிடுவதால், வேர்கள் ஆழத்திலிருந்து உறிஞ்சும் ஈரம் தண்டிலேயே தங்குகிறது. தளிரும் பூவும் அதைக் கொண்டே பிறக்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகலின் நீளம் பெரிதாக மாறாதபோது மரங்கள் காலத்தை எப்படி அறியும் என்றும் கேட்கலாம். இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. பிப்ரவரி இறுதிக்குள் பகல் கூடுவது ஏறக்குறைய அரை மணி நேரம்தான். ஆனால் வெப்பமண்டல வறண்ட காடுகளில் அந்தச் சிறு நீட்சியே தளிர்ப்பைத் தூண்டப் போதும் என்று ரோல்ஃப் போர்ச்செர்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002இல் காட்டினர்.

எல்லாப் பூவும் இளவேனிலுக்குச் சான்றாகாது. தை மாத மாம்பூ குளிர்ந்த இரவுகளின் தூண்டலால் வருவது. அதைப் பனிக்காலத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும். குயிலின் கூவலும் அதன் இனப்பெருக்கக் காலத்தோடு வலுப்பதால் சற்றுப் பிந்தியே வருகிறது. ஓடைக்கரை மரங்களுக்கு ஈரம் எப்போதும் கிடைப்பதால் அவற்றின் பசுமையும் அளவுகோல் ஆகாது. வறண்ட சரிவுகளின் மரங்களே உண்மை சொல்லும். அச்சரிவுகளில்தான் உதிர்ந்த சருகு குவிகிறது, காட்டுத்தீயும் பிப்ரவரியிலிருந்து அங்கேயே மூளுகிறது. எனவே முள்ளிலவு பூத்ததுமே தீத்தடுப்புக் கோடுகள் தயாராகிவிட வேண்டும். வெயில் உச்சத்துக்கு வரும்வரை தள்ளிப்போட்டால் அடுத்த தலைமுறைக் காடாக வேண்டிய இளங்கன்றுகள் கருகிவிடும்.