ஒரே பூட்டு, 15 ஆண்டுகள்: பல ப்ராசஸர்களுக்கு லினக்ஸ் மாறியது எப்படி?

உங்க ஆண்ட்ராய்டு போனில் 8 கோர் இருக்கலாம். அவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது லினக்ஸ் கெர்னல். ஆனா 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியது ஒரே ஒரு ப்ராசஸர் கொண்ட கம்ப்யூட்டருக்காக.

ரெண்டாவது ப்ராசஸர் வந்தா என்ன சிக்கல்?

நினைவகத்தில் 10 என்ற எண் இருக்கிறது. இரண்டு ப்ராசஸர்கள் ஒரே சமயத்தில் அதைப் படித்து, ஆளுக்கு 1 கூட்டி எழுதுகின்றன. வர வேண்டியது 12, பதிவாவது 11. டிஸ்கில் எந்த இடம் காலி என்ற கணக்கில் இப்படி நடந்தால், உங்க ஃபைல் மேலேயே இன்னொரு ஃபைல் எழுதப்பட்டுவிடலாம்.

முதல் தீர்வு என்ன?

1996-ல் வந்த லினக்ஸ் 2.0 பல ப்ராசஸர்களை ஆதரித்தது. அதற்குக் கையாண்ட வழி, ‘பிக் கெர்னல் லாக்’ என்ற ஒரே பெரிய பூட்டு. செயலிகள் தனித்தனி ப்ராசஸர்களில் ஓடலாம். ஆனால் கெர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸருக்கு மட்டுமே அனுமதி. பழைய கோடை பெரிதாக மாற்றத் தேவையில்லை, தரவும் பத்திரம்.

அதுக்கு விலை?

காத்திருப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 நொடி வேலையில் 20 நொடி பூட்டுக்குள் நடக்கிறது என வைப்போம். 4 ப்ராசஸர் இருந்தால் 40 நொடி ஆகும். 8 இருந்தால் 30 நொடி. ஆயிரம் போட்டாலும் 20 நொடிக்குக் கீழே இறங்காது. அதாவது, அதிகபட்ச வேகம் 5 மடங்குதான். இதைத்தான் ‘ஆம்டால் விதி’ என்கிறார்கள்.

எடுக்க ஏன் இவ்வளவு நாள்?

2.2 (1999), 2.4 (2001) பதிப்புகளில் பெரிய பூட்டின் வேலை சின்னச் சின்னப் பூட்டுகளுக்குப் படிப்படியாக மாறியது. ஆனா மிச்சமிருந்த கோடில், அந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்பதே பல இடங்களில் தெளிவாக இல்லை. ஒவ்வோர் இடமாகப் படித்துப் புரிந்துகொண்டுதான் நீக்க முடிந்தது. தவறினால் எப்போதாவது மட்டும் தலைகாட்டும், பிடிக்கவே கஷ்டமான பிழைகள் வரும். கடைசியில் 2011 மே மாதம், 2.6.39 பதிப்பில் அது முழுசாக நீங்கியது.

இது இப்போ ஏன் முக்கியம்?

பைத்தானிலும் இதே போன்ற ஒரு பூட்டு உண்டு: ஜிஐஎல். அது இல்லாமல் ஓடும் வடிவம், 2024-ல் வந்த 3.13 பதிப்பில்தான் சோதனை முயற்சியாக அறிமுகமானது. அதனால உங்க சர்வர் மெதுவாக ஓடினால், கூடுதல் கோருக்குக் காசு கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்க: இருக்கிற கோர்கள் வேலை செய்கின்றனவா, இல்ல பூட்டு திறக்கக் காத்திருக்கின்றனவா?